கிணற்றை வெட்டியவர் பெயர்

புத்தூரில் பழைய நாற்சார் வீடொன்றின் விறாந்தையில், ஊர் வரலாறு எழுதிய அன்பர்கள் சிலரைச் சந்திக்கும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. ஊரின் முதற்குடிகளுள் ஒருவர் கட்டியதெனப் போற்றப்படும் வீடு அது. வாயிலில் வழிப்போக்கர் இளைப்பாறச் சங்கடப்படலை. உள்ளே பனஞ்சிலாகைக் கூரை. பின்புறம் கல்லைக் குடைந்து இறக்கிய கிணறு. நூல்கள் கைமாறின. வீட்டைக் கட்டியவரின் பெயர், பெற்ற பட்டம், செய்த தருமம் யாவும் அவற்றில் இருந்தன. கிணற்றை வெட்டியவர் யார் என்ற குறிப்பு ஒன்றிலும் இல்லை.

ஊரை அடுத்த நிலாவரையில் மனிதன் வெட்டாத கிணறு ஒன்று உண்டு. சுண்ணாம்புக்கல் கரைந்து இயற்கையாக உண்டானது அது. அதற்குக்கூட, இராமன் அம்பெய்து உண்டாக்கினான் என்று ஒரு கர்த்தாவைக் கதையில் வைத்திருக்கிறோம். மனிதன் வெட்டிய கிணற்றுக்கோ கர்த்தா இல்லை!

இதைப்பற்றிக் கேட்டேன். மூத்த ஆசிரியர் ஒருவர் ஒளிக்காமல் விடை சொன்னார்: “தெரியும் தம்பி. எழுதேல்லை.”

அறியாமல் விடுவது குறை. அறிந்தும் விடுவது என்ன? அது பொய்யாகுமா?

ஊர் வரலாறு எழுதுவோரைப் பழிப்பது என் நோக்கமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1995இல் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். ஏடும் உறுதியும் படமும் அழிந்த மண்ணில், முதியோரின் வாய்மொழியைத் தேடி எழுதுவோருக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆயினும், அழிவுக்குப் பின் எழுதப்படும் நூலே இனிச் சான்றாகப் போகிறது. அதில் இடம்பெறாதவர் வாழ்ந்ததே இல்லை என்றாகிவிடும்.

நம் வரலாற்றெழுத்து எவர் வேண்டுகோளில் வளர்ந்தது? மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றியது ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் விருப்பத்தின் பேரில். தேசவழமையை 1707இல் தொகுத்தவரும் ஓர் ஒல்லாந்த அதிகாரியே. அதனைச் சரிபார்த்தவர்கள் பன்னிரு முதலிமார். அத்தொகுப்பில் உழைக்கும் மக்கள் வருகிறார்கள், பிறருக்கு உடைமையான அடிமைகளாக. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். உடைமையாக எண்ணிய காலத்தில் அவர்களைக் கவனமாகக் குறித்த எழுத்து, மனிதராக எண்ண வேண்டிய காலம் வந்ததும் மௌனம் கொண்டுவிட்டது.

ஆசிரியர் தம் நியாயத்தையும் சொன்னார். அச்சுச் செலவைக் கொடுத்தவர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் அவ்வீட்டுப் பிள்ளைகள் என்றார். இது மறுக்க எளிது. மற்றது எளிதன்று: “எழுதினால் நோகிறது ஆருக்குத் தம்பி? அந்த மனிசன்ரை சந்ததி இப்ப படிச்சு உத்தியோகம் பார்க்குது. சாதியை அச்சிலை ஏத்தி அதுகளின்ரை தலையிலை வைக்கலாமோ?”

சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. அதன்பின் 1968இலும் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் நுழைய மக்கள் போராட வேண்டியிருந்தது. சாதிப் பெயர் இன்றும் காயப்படுத்த வல்லது. உண்மை, அநீதி இழைத்தவனை விட்டு அநீதிக்கு ஆளானவனையே சுடுமானால், அதைச் சொல்வது அறமா? எனக்கு உடனே விடை தோன்றவில்லை.

முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டு நின்றார். “வெட்டினது எங்கடை பாட்டன்தான் ஐயா. பேரைப் போடுங்கோ, வேலையைப் போடுங்கோ. சாதி எதுக்கு?” என்றார். சற்றுப் பொறுத்து, “வெட்டி முடிஞ்ச பிறகு அவரை அதிலை தண்ணி அள்ள விடேல்லை. அதையும் போடுங்கோ” என்றார்.

அதுவரை அவரிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.

நம் பிழை அங்கேதான் இருக்கிறது. ஒருவருக்கு நோகும் என்று, அவரைக் கேளாமலே நாம் தீர்மானிக்கும்போது, இரக்கமும் ஆதிக்கமே ஆகிறது. கிணற்றை வெட்டியவருக்கு அதில் வெட்கமில்லை. வாளியைத் தடுத்தவருக்கே வெட்கம். அதை இடம் மாற்றி வைத்தது நமது மௌனம்.

மூத்த ஆசிரியர் எழுதுகோலை எடுத்து, தம் நூலின் ஓரத்தில் அப்பெயரைக் குறித்துக்கொண்டார். அடுத்த பதிப்பில் அது ஓரத்தில் நிற்கலாகாது.