நூறாவது பந்தயம்

ஒரு துறையின் உச்சியைத் தொட்ட மனிதன், தன் ஆற்றல் சிறிதும் குன்றாத வேளையில், "போதும்" என்று கூறி விலகிக் கொள்கின்றான். அந்த ஒரு சொல்லை அவனை நேசித்தவர்களால் எளிதில் ஏற்க இயல்வதில்லை. இன்னும் சில காலம் நீடித்திருக்கலாமே என்று அவர்கள் ஏங்குகின்றனர். ஏக்கம் இயற்கையானதே. ஆயினும் அந்த ஏக்கத்தினுள் உரிமை கோரும் குரல் ஒன்றும் மறைந்திருக்கின்றது. ஒருவனுடைய திறமை யாருக்குச் சொந்தம்? அதை எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் உரிமை அவனுக்கு மட்டுமே உரியதா? அவனைப் போற்றிப் புகழ் வளர்த்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டா?

எல்லாத் துறைகளிலும் எழும் கேள்விதான் இது. எனினும், உயிரைப் பணயமாக வைத்து ஓட்டும் கார்ப் பந்தயத்தில் இது மிகுந்த கூர்மை பெறுகின்றது. அங்கே "இன்னும் ஒரு முறை" என்று ரசிகன் கேட்பது, இன்னும் ஒரு முறை சாவின் விளிம்புக்குச் சென்று திரும்பு என்று கேட்பதற்கு ஒப்பாகும். இதனைத் தெளிவாக உணர்த்தும் வரலாறு ஒன்று உண்டு. அது ஸ்காட்லாந்து நாட்டுப் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் என்பாருடைய ஓய்வின் வரலாறு.

1939 ஆம் ஆண்டில் பிறந்த ஸ்டூவர்ட், 1965 இல் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் அடியெடுத்து வைத்தார். 1969, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலகச் சாம்பியன் பட்டம் அவருக்குக் கிட்டியது. பங்கேற்ற பந்தயங்கள் 99, வென்றவை 27. அந்த வெற்றிகளின் எண்ணிக்கையை 1987 இல் ஃபிரான்ஸ் நாட்டு வீரர் அலென் புரோஸ்ட் தாண்டும் வரை, பதினான்கு ஆண்டுகள் வேறெவரும் விஞ்சவில்லை.

இவ்விவரங்களைப் படிக்கும் எவருடைய கண்ணும் ஓர் எண்ணில் சென்று நிற்கும். அது 99. நூறுக்கு ஒன்று குறைவு! அந்த ஒன்றை ஏன் அவர் விட்டார்? ஸ்டூவர்ட்டைப் பற்றிப் பேசும் ரசிகர்கள் பல்லாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்து சேரும் இடம் இதுவே. எண்ணுவதில் இன்பம் காண்பவர்களுக்கு முழுமை பெறாத எண் உறுத்தத்தான் செய்யும்.

அந்த ஒன்றின் கதையைச் சற்று விரிவாக நோக்குவோம்.

1966 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயப் பாதையில், முதற் சுற்றிலேயே, கொட்டும் மழையில் ஸ்டூவர்ட்டின் கார் பாதையை விட்டுப் பாய்ந்து நொறுங்கியது. நெளிந்த உலோகத்தினுள் சிக்கிய அவர்மீது பெட்ரோல் கசிந்து நனைத்துக் கொண்டிருந்தது. ஒரு தீப்பொறி போதும், அனைத்தும் முடிந்திருக்கும். அந்நிலையில் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்கள் அவர் கிடந்தார். அவரை மீட்க வந்தவர்கள் பந்தய நிர்வாகத்தின் ஊழியர்கள் அல்லர். உடன் பந்தயம் ஓட்டிய வீரர்களே தம் கார்களை விட்டிறங்கி ஓடி வந்தனர். காரின் பகுதிகளைக் கழற்றுவதற்கான ஸ்பேனரைக்கூடப் பார்வையாளர் ஒருவரிடமிருந்து இரவல் பெற வேண்டியிருந்தது. மருத்துவமனைக்குப் புறப்பட்ட ஆம்புலன்ஸ் வழி தவறிப் போயிற்று.

அன்று முதல் தம் காரிலேயே ஒரு ஸ்பேனரைக் கட்டி வைத்துக் கொண்டார் ஸ்டூவர்ட். பாதையோரத் தடுப்புகள் வேண்டும், இருக்கை வார் வேண்டும், பயிற்சி பெற்ற மருத்துவர்கள் வேண்டும் என்று இடைவிடாது கோரினார். பாதுகாப்புக் குறைபாட்டினால் 1969 இல் ஸ்பா பந்தயமே நடைபெறாமற் போவதற்கு அவரும் அவரைச் சார்ந்த வீரர்களும் காரணமாயினர். பந்தயப் பாதை உரிமையாளர்கள் சினந்தனர். எழுத்தாளர் சிலரோ, இவர் பந்தயத்தின் வீரத்தையே கெடுக்கின்றார் என்று ஏளனம் செய்தனர். அவ்வாண்டுகளில் அவர் தம் நண்பர்களை ஒவ்வொருவராக இழந்து கொண்டிருந்தார். 1968 இல் ஜிம் கிளார்க், 1970 இல் புரூஸ் மெக்லாரன், பியர்ஸ் கரேஜ், யோக்கன் ரிண்ட் என அந்தப் பட்டியல் நீண்டது.

1973 ஏப்ரலில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அவ்வாண்டின் பந்தயங்கள் முடிந்ததும் விலகிவிடுவது என்பதே அம்முடிவு. அணித் தலைவர் கென் டைரல் உள்ளிட்ட மிகச் சிலருக்கு மட்டுமே அதைத் தெரிவித்தார். மனைவி ஹெலனுக்கு அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டால், இன்னும் ஆறு, இன்னும் ஐந்து, இன்னும் நான்கு என்று எஞ்சிய பந்தயங்களை எண்ணி எண்ணி அவர் நடுங்க நேருமே என்று அஞ்சினார். ரசிகன் ஆவலோடு எண்ணும் அதே எண்ணை, வீட்டிலிருக்கும் மனைவி அச்சத்தோடு எண்ணுவாள். இவ்விரு எண்ணிக்கைகளுக்கும் இடையே உள்ள தொலைவைச் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாண்டு ஜூலை 29 ஆம் நாள் ஹாலந்தின் ஸான்ட்வூர்ட் பாதையில் நிகழ்ந்தது நினைக்கவும் நெஞ்சம் பதறும் நிகழ்ச்சி. தம் இரண்டாவது ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஓட்டிக் கொண்டிருந்த இருபத்தைந்து வயது இளைஞர் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. டேவிட் பர்லி என்ற சக வீரர் தம் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார், தன்னந்தனியாக அந்தக் காரைப் புரட்டிப் போட முயன்றார், இயலவில்லை. அருகில் நின்ற பந்தயப் பணியாளர்களிடம் தீயைத் தாங்கும் உடையில்லை. வேலியைத் தாண்டி உதவிக்கு வர முயன்ற பார்வையாளர்களும் தடுக்கப்பட்டனர். பந்தயம் நிறுத்தப்படவே இல்லை. வில்லியம்சன் உள்ளேயே மாண்டார்.

அன்றைய பந்தயத்தில் வென்றவர் ஸ்டூவர்ட். அது அவருடைய இருபத்தாறாவது வெற்றி. ஜிம் கிளார்க்கின் இருபத்தைந்து வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்த வெற்றி. புள்ளிவிவர ஏட்டில் அது பொன்னெழுத்துகளில் பொறிக்கப்படும் நாள். ஆனால் அந்த நாளின் உண்மையான பெயர் என்ன? சாதனைகளை எண்ணுவோர் இக்கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும்.

அடுத்த வாரமே ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பாதையில் அவர் இருபத்தேழாவது வெற்றியைப் பெற்றார். அவருக்கு அடுத்து வந்தவர், அதே அணியைச் சேர்ந்த ஃபிரான்ஸ் நாட்டு இளைஞர் பிரான்சுவா செவேர். தம்பியைப் போல ஸ்டூவர்ட் பயிற்றுவித்து வந்த வீரர் அவர். ஸ்டூவர்ட் விலகியதும் அணியின் முதன்மை இடம் செவேருக்கே உரியதாக இருந்தது. செப்டம்பரில், மோன்சா நகரில், ஸ்டூவர்ட்டின் மூன்றாவது உலகப் பட்டம் உறுதியாயிற்று. எஞ்சியவை இரண்டே பந்தயங்கள். கடைசியானது அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென். அதுவே நூறாவது.

அக்டோபர் 6 ஆம் நாள், பந்தயத்துக்கு முந்திய பயிற்சியின்போது, அதே வாட்கின்ஸ் கிளெனில் செவேரின் கார் தடுப்பில் மோதிச் சிதறியது. அவர் அங்கேயே உயிர் துறந்தார். வயது இருபத்தொன்பது. இரண்டாண்டுகளுக்கு முன் தம் வாழ்நாளின் ஒரே ஃபார்முலா ஒன் வெற்றியை அவர் பெற்றதும் அந்த இடத்திலேதான். டைரல் அணி பந்தயத்திலிருந்து விலகியது. ஸ்டூவர்ட் நூறாவது முறையாகப் புறப்படவில்லை. அக்டோபர் 14 அன்று லண்டனில் தம் ஓய்வை உலகுக்கு அறிவித்தார்.

இனி, ரசிகர்களின் ஏக்கத்துக்கு வருவோம். நூறை நிறைவு செய்திருக்கலாமே என்பது முதற் குறை. நூறு என்பது மனிதன் வகுத்துக் கொண்ட எண். செவேர் என்பதோ திரும்பி வாராத ஓர் உயிர். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்க எவரும் துணியார். ஆனால் செவேர் இறந்திராவிடில் நாம் என்ன சொல்லியிருப்போம்? நூறாவது பந்தயத்தைக் கண்டு கைதட்டியபின், நூற்றொன்றாவதைக் கேட்டிருக்க மாட்டோமா? பிறர் நமக்காக ஏற்கும் இடருக்கு நாம் வைக்கும் எல்லை எப்போதும் அடுத்த படியிலேயே இருக்கும். ஆகவே எல்லையை வகுக்கும் பொறுப்பைப் பார்ப்பவனிடம் விட்டுவிட முடியாது.

நேசித்தவர்களுக்கு அவர் கடன்பட்டவர் அல்லவா என்பது இரண்டாவது குறை. இதனை முற்றாகத் தள்ளிவிடுவதற்கில்லை. ரசிகர்கள் இன்றேல் பந்தயம் இல்லை; பந்தயம் இன்றேல் ஸ்டூவர்ட்டின் செல்வமும் புகழும் இல்லை. ஆயின் அந்தக் கடன் எத்தகையது? களத்தில் நிற்கும் வரை முழு மனத்துடன், ஏய்ப்பின்றி ஆட வேண்டும் என்பதே அது. விலகுவதென்று உள்ளத்தில் முடிவு செய்த பின்பும் அவ்வாண்டுப் பட்டத்தை வென்று காட்டினார் அவர். கடன் அங்கே தீர்ந்துவிட்டது. நுழைவுச் சீட்டு வாங்கியவனுக்கு ஒரு பந்தயத்தைக் காணும் உரிமை உண்டு. ஓட்டுபவனின் வாழ்நாளை அந்தச் சீட்டு விலைக்கு வாங்கிவிடாது.

அஞ்சி விலகுவது வீரமாகுமா என்பது மூன்றாவது கேள்வி. இதற்கு மற்றொரு வீரரின் வாழ்க்கை விடை தருகின்றது. ஆஸ்திரியாவின் நிக்கி லௌடா 1976 ஆகஸ்டில் நியூர்பர்க்ரிங்கில் தீயில் கருகிச் சாவின் வாயிலுக்குச் சென்று மீண்டவர். ஆறே வாரங்களில், புண் ஆறாத தலையோடு மோன்சாவில் ஓட்டி நான்காவதாக வந்தார். அதே மனிதர், அக்டோபரில் ஜப்பானின் ஃபியூஜி பாதையில், உலகப் பட்டம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது, பெருமழையில் இரண்டு சுற்றுகளுக்குப்பின் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். எஞ்சின் பழுது என்று சொல்லிவிடலாம் என அணியினர் வழி காட்டினர். அவர் மறுத்துவிட்டார். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் ஜேம்ஸ் ஹன்டுக்குப் போயிற்று. மோன்சாவில் ஏறியவரைக் கோழை என்று எவரும் சொல்ல முடியாது. ஃபியூஜியில் இறங்குவதற்கும் அதே துணிவு தேவைப்பட்டது. பொய்யைத் துணைக்கு அழைக்காமல் இறங்கியது அதனினும் அரியது.

லௌடா 1979 இல் ஓய்வு பெற்று, 1982 இல் திரும்பி வந்து, 1984 இல் அரைப் புள்ளி வேறுபாட்டில் மூன்றாம் முறை பட்டம் வென்றவர் என்பதையும் மறக்கலாகாது. ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கர் 2006 இல் விலகி, 2010 இல் மீண்டும் வந்து, மூன்றாண்டுகள் ஒரு வெற்றியும் இன்றி ஓட்டினார். நிக்கோ ரோஸ்பெர்க் 2016 இல் பட்டம் வென்ற ஐந்தாம் நாளே விலகினார். ஆகவே விலகுவதே அறிவு, நீடிப்பது பேராசை என்று பொது விதி வகுப்பதும் பிழையாகும். தொழிலை உயிரினும் மேலாக நேசிப்பவன் தோல்வியிலும் அதனோடு வாழ விரும்பலாம். விலகலும் திரும்புதலும் உள்ளிருந்து எழ வேண்டும். வெளியிலிருந்து எழும் ஆரவாரம் அவற்றைத் தீர்மானிக்கக் கூடாது.

ஸ்டூவர்ட்டும் அந்த ஆபத்தினால் பொருளீட்டியவர் அல்லவா, செவேரை அந்தப் பாதைக்கு ஆயத்தம் செய்தவர் அவரும் அல்லவா என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. அவர் தூய துறவி அல்லர். ஆனால் ஆபத்தைக் குறைக்கும் பணியை, தாம் அதில் இருந்த காலத்திலேயே, வசைகளைத் தாங்கிச் செய்தார். விலகிய பின்பும் அதைக் கைவிடவில்லை. அவரும் அவரைப் பின்பற்றிப் பலரும் உழைத்ததன் பயன் கண்கூடு. 1994 மே முதல் நாள் இமோலாவில் அயர்ட்டன் சென்னா மாண்டபின், 2014 இல் ஜப்பானில் காயமுற்று மறு ஆண்டு இறந்த ஜூல்ஸ் பியான்கி வரை, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நிகழ்ந்த விபத்தால் எந்த ஓட்டுநரும் உயிரிழக்கவில்லை. இருபது ஆண்டுகள்! அக்காலத்தில் ஓட்டி, முதுமை காணப் போகும் வீரர்கள் எத்தனை பேர்! எந்த ஏட்டிலும் இடம்பெறாத வெற்றிகள் அவை.

ஓய்வு அவருக்கு என்ன தந்தது? ஆண்டுகளைத் தந்தது. இரு மைந்தர்கள் வளர்வதை அருகிருந்து கண்டார். 1962 இல் மணந்த ஹெலனுக்கு 2014 இல் மறதி நோய் இருப்பது தெரிய வந்தபோது, அந்நோய் பற்றிய ஆய்வுக்கென அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். தம் பொருட்டு எண்ணி நடுங்க வேண்டாம் என்று யாரிடம் முடிவை மறைத்தாரோ, அவருக்காக உழைக்கும் முதுமை அவருக்கு வாய்த்தது.

இது தொலைதூரத்துப் பந்தயக்காரர்களின் கதை மட்டும்தானா? குடும்பத்தின் பொருட்டுக் கடல் கடந்து உழைக்கும் ஒருவர் "திரும்பி வந்துவிடலாமா?" என்று கடிதத்தில் கேட்கின்றார். வீடு ஒன்று பாதியில் நிற்கின்றது. மகளின் திருமணம் எதிரில் இருக்கின்றது. "இன்னும் ஓர் ஆண்டு" என்று அன்போடு எழுதுகிறோம். தேவை பொய்யல்ல, அன்பும் பொய்யல்ல. ஆயினும் அந்த ஆண்டைச் செலவிடப் போகும் உடல் யாருடையது என்பதை, அப்படி எழுதும்முன் ஒரு கணம் எண்ணிப் பார்க்கிறோமா?

ஒருவனுடைய ஆற்றலினால் நாம் அடைந்த இன்பத்துக்கு நன்றி சொல்லலாம்; அவன் போதும் என்றபோது வழிவிடலாம். ஸ்டூவர்ட்டின் பெயருக்கெதிரே 99 என்றே எழுதப்பட்டிருக்கின்றது. அது அப்படியே இருக்கட்டும். குறைந்து நிற்கும் அந்த ஒன்றில் செவேருக்குச் செய்த மரியாதையும், ஒரு வீட்டின் நிம்மதியும் அடங்கியிருக்கின்றன.