வெண்பட்டு விசிறி



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மையார் என்னை அணுகி, "ஐயா, என் மகன் அயல்நாட்டில் படிக்கிறான். ஊர் ஞாபகத்தால் உருகுகிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது?" என்று வினவினார். நம் குடும்பத்துப் பிள்ளைகள் கடல் கடந்து கல்வி தேடிச் செல்லும் காலம் இது. ஆகவே இவ்வினா அவர் ஒருவருடையதன்று. விடை கூறுமுன், நானே செய்த பிழையொன்றை உங்கள் முன் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் அக்காளின் மகன் ஜெர்மனி தேசத்தின் பெர்லின் நகரத்தில் பொறியியல் பயில்கிறான். எங்கள் வமிசத்தில் கடல் கடந்த முதற்பிள்ளை அவன். அங்கு டிசம்பர் மாதத்தில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அத்தகைய நாளொன்றில் தொலைபேசியில் என்னை அழைத்தான். "மாமா, அறைக்கதவைச் சாத்தினால் அம்மா ஞாபகம் நெஞ்சை அடைக்கிறது. திரும்பி வந்துவிடட்டுமா?" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாபாசாகேப் நியூயார்க்கில் இப்படித்தான் அழுதாரா? கடன்பட்டு உன்னை அனுப்பியிருக்கிறோம், வெட்கமாயில்லையா?" என்று அதட்டினேன். அதன்பின் ஆறு வாரம் அவன் சொன்னதெல்லாம் "நலம்" என்னும் ஒரு சொல்லே. என் உபதேசம் பலித்தது என்று நான் பெருமை கொண்டேன். பிறகு, உடன் தங்கியிருந்த மாணவன் ஒருவன் வாயிலாக உண்மை வெளிப்பட்டது. பிள்ளை வகுப்பிற்குச் செல்வதை நிறுத்திவிட்டான். சரிவர உண்ணாமல் இருட்டறையில் படுத்துக் கிடந்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. ஆலையில் இரவு ஷிப்டு பார்த்த நாட்களில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, சீன யாத்திரிகர் பாஹியானின் பயண வரலாற்றைக் கையிலெடுத்தேன்.

பாஹியான் 399ஆம் ஆண்டில் சீன தேசத்தை விட்டுப் புறப்பட்டவர். பிக்குகளின் ஒழுக்கத்தை உரைக்கும் விநய நூல்களைத் தேடிப் பாலைவனத்தையும் பனிமலையையும் கடந்து வந்தார். உடன் வந்த தோழரில் ஒருவர் பனிமலையிலே உயிர் துறந்தார். சிலர் இடைவழியில் பிரிந்தனர். பாடலிபுத்திரம்வரை கூட வந்த இறுதித் தோழரும் இந்திய நாட்டிலேயே தங்கிவிட்டார். பாடலிபுத்திரத்தில் மூன்றாண்டு தங்கி மொழி பயின்று நூல்களைப் பிரதி செய்த பாஹியான், பின்னர்த் தனியராய் இலங்கை சென்றார்.

அங்கே அநுராதபுரத்தின் அபயகிரி விகாரத்தில், பச்சைக் கல்லாலான புத்தர் திருவுருவத்தின் அருகே அவர் நிற்கையில், வணிகன் ஒருவன் வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்தான். அது சீன தேசத்து விசிறி! ஊரை விட்டுப் பத்தாண்டிற்கு மேலாகிவிட்டது. கண்ட முகங்களும் மலைகளும் மரங்களும் எல்லாம் அயலானவை. அந்த விசிறியைக் கண்டதும் அம்மகானின் கண்கள் நீரைச் சொரிந்தன.

அன்பர்களே, இங்கே இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, அவர் தம் கண்ணீரை மறைக்கவில்லை. தம் வரலாற்றிலேயே அதைப் பதித்து வைத்தார். மற்றொன்று, அக்கண்ணீர் அவரைத் தடுக்கவில்லை. இலங்கையில் இரண்டாண்டு தங்கி, தாம் தேடிய நூல்களைப் பெற்ற பின்னரே கப்பலேறினார்.

பகவான் இரண்டு அம்புகளைப் பற்றி உபதேசித்திருக்கிறார். முதல் அம்பு நாம் வேண்டாமலே வந்து தைக்கும் வேதனை. அதன்பின் அழுது புலம்பி, நம்மை நாமே நொந்து எய்துகொள்வது இரண்டாம் அம்பு. பிரியமானவர்களைப் பிரிதல் துக்கம் என்பதை அவர் முதல் உபதேசத்திலேயே கூறினார். ஆகவே பிள்ளையின் ஏக்கம் குற்றமன்று. அது முதல் அம்பு. "அழுகிறேனே, நான் கோழையோ, பெற்றோர்க்குத் துரோகியோ?" என்று அவன் வெட்குவது இரண்டாம் அம்பு. அந்த அம்பை என் மருமகப் பிள்ளையின் மார்பில் எய்தவன் நான். பத்தொன்பது வயதில் கிராமத்தை விட்டு ஆலைக்கு வந்து, போர்வைக்குள் முகம் புதைத்து அழுதவனும் நானே. அதையும் மறந்தேன்!

பாபாசாகேப் பெயரைக் கோலாக ஓங்கியதும் தவறு. 1913இல் நியூயார்க் சென்று, 1916இல் இலண்டன் சேர்ந்த அவர், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பு முடியாமலே திரும்ப நேர்ந்தது. 1920இல் மீண்டும் சென்று, 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். இடையில் திரும்புவது தோல்வியன்று என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

மறுநாள் பிள்ளையை அழைத்து, "நான் பேசியது தவறு, மன்னித்துவிடு" என்றேன். அவன் பேசவில்லை, அழுதான். நான் தடுக்கவில்லை. பிறகு மூன்று காரியம் சொன்னேன். மாலையில் ஏக்கம் வரும்போது அதை விரட்டாதே. நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சைக் கவனித்து, "இது ஏக்கம், வந்திருக்கிறது, போகும்" என்று அறிந்துகொள். வாரம் ஒருமுறை சோறு சமைத்து, உன்னைப்போல் தனித்திருக்கும் ஒருவனை அழைத்து உண். நல்ல நட்பைத் தேடு.

பெர்லினின் வடபுறத்தில் பிரோனாவ் என்னுமிடத்தில், பவுல் டால்கே என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1924இல் நிறுவிய பௌத்த இல்லம் இருக்கிறது. ஞாயிறுதோறும் அங்கே சென்று அமர்கிறான். ஒரு பாடத்தை அவன் மறுமுறை எழுத வேண்டியதாயிற்று. ஏக்கமும் அடியோடு போய்விடவில்லை. ஆனால் இப்பொழுது "நலம்" என்று மட்டும் சொல்லாமல், உள்ளபடி சொல்கிறான்.

அம்மையே, உங்கள் மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். முதலில் அவன் சொல்வதைக் கேளுங்கள். மதிப்பெண்ணையும் கடனையும் பிறகு விசாரிக்கலாம். கேட்கும் செவி ஒன்று ஊரில் உண்டு என்றறிந்த பிள்ளை எத்தேசத்திலும் அநாதையல்லன்.

தூரதேசங்களில் விளக்கேற்றிப் படிக்கும் நம் பிள்ளைகள் யாவரும் மனத்தெளிவும் நல்ல துணையும் பெறுவார்களாக!