இறால் மலிவு, ரிஸ்க் யாருக்கு?

உலகச் சந்தையில் சரக்கு வாங்கும் கம்பெனிகள் இரண்டு கணக்குப் போடுகின்றன. எங்கே வாங்கினால் விலை குறையும் என்பது ஒன்று. அங்கிருந்து சரக்கு வராமல் நின்றுபோனால் என்ன செய்வது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைத்தான் ரிஸ்க் என்கிறார்கள். அதைச் சமாளிக்க ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள்: ஒரே நாட்டை நம்பாமல் இந்தியாவில் கொஞ்சம், ஈக்வடாரில் கொஞ்சம், வியட்நாமில் கொஞ்சம் என்று பிரித்து வாங்குவது. வியாபார புத்தியில் இதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இப்படிக் குறைத்த ரிஸ்க் உண்மையிலேயே ஒழிந்துபோகிறதா, வேறு யார் தலையிலாவது இறங்குகிறதா என்று கேட்டால் விஷயம் வியாபாரத்தோடு முடிவதில்லை.

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று காரைக்கால் கடலோரத்தில் இருக்கும் மீனவர் கிராமங்களில் இந்தக் கேள்விக்கு உடம்பு உண்டு. விசைப்படகு கரை திரும்பியதும் இறாலும் கணவாயும் நண்டும் தனியாகப் பிரிந்து ஐஸ் பெட்டிக்குப் போகும். அவை ஏற்றுமதிச் சரக்கு. கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் கவுண்ட். 20 கவுண்ட் என்றால் பெரிய இறால், 60 என்றால் அதைவிடச் சிறியது. விலையைத் தீர்மானிப்பது கவுண்ட் மட்டுமல்ல. டீசலுக்கும் வலைக்கும் முன்பணம் வாங்கியிருந்தால் அந்த வியாபாரிக்கே சரக்கைக் கொடுத்தாக வேண்டும். விலை பேசும் உரிமை படகு கிளம்பும் முன்பே கைமாறிவிடுகிறது.

இந்தக் கரைக்கு இழுவை மடி வந்ததற்கே காரணம் தூரத்துத் தட்டுகள்தான். 1950களில் நார்வேயின் உதவியோடு கேரளத்தில் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்கு நல்ல விலை தர, அடுத்த பத்தாண்டுகளில் விசைப்படகுகள் கிழக்குக் கடற்கரையிலும் பெருகின. இழுவை மடி கடலின் தரையை வாரிக்கொண்டு வரும். இறாலோடு குஞ்சும் குப்பையும் வரும். கரையோரக் கடல் இளைத்தபோது படகுகள் தொலைவுக்குப் போயின. 2017இல் இலங்கை தன் கடலில் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2025 ஜனவரி 28 அதிகாலையில் இலங்கையின் நெடுந்தீவுக்கு அருகே காரைக்கால் படகில் இருந்த மீனவர்கள் 13 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. சிலர் காயமடைந்தனர், அவர்களில் இருவருக்குப் பலத்த காயம். இந்தியா கண்டனம் தெரிவித்தது. கண்டிக்க வேண்டியதுதான்.

அந்தச் செய்தியில் வராத இன்னொருவர் இருக்கிறார்: உள்நாட்டுப் போர் முடிந்து மெல்லக் கடலுக்குத் திரும்பிய வட இலங்கைத் தமிழ் மீனவர். தமிழகக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் தன் வலைகளை அறுத்துப்போவதாக அவர் பல ஆண்டுகளாக முறையிட்டுவருகிறார். இறாலை விற்றவர் அவரல்ல, வாங்கியவரும் அல்ல. ஆனாலும் நஷ்டத்தில் ஒரு பங்கு அவருக்கும் வந்து சேர்கிறது. எந்தக் கொள்முதல் கம்பெனியின் ரிஸ்க் பட்டியலிலும் அவருக்கு ஒரு வரி இருக்காது.

வாங்குவோர் அறத்தை அடியோடு மறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. கடல் ஆமைகளைக் காக்கும் ஏற்பாடு போதாது என்று கூறி, இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு 2019இல் அமெரிக்கா கதவை அடைத்தது. அது கேட்பது ஒரு சின்னக் கருவி. மடியின் கழுத்தில், மீன் சேரும் பைக்கு முன்னால், கம்பிகள் கோத்த முட்டை வடிவ உலோகச் சட்டத்தைத் தைத்துவிடுவார்கள். இறால் கம்பிகளின் இடுக்கில் நுழைந்து பைக்குள் போகும். ஆமை சட்டத்தில் மோதி, பக்கத்தில் விட்டிருக்கும் திறப்பு வழியாக வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமே இதற்கு ஒரு வடிவம் செய்து வைத்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதை நினைத்தால் இந்தச் சட்டத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனால் அந்தத் திறப்பு வழியாகக் கொஞ்சம் பெரிய மீனும் நழுவிப்போகும். அந்த நஷ்டம் படகுக்காரருடையது. சட்டம் வாங்கும் செலவும் அவருடையது, அல்லது மானியம் தரும் அரசுடையது. நிபந்தனை போட்ட சந்தை அதற்காகக் கிலோவுக்கு இவ்வளவு கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்லவில்லை. கடல் இறாலை மறுத்த அதே சந்தை பண்ணை இறாலைத் தாராளமாக வாங்கியது. பண்ணைத் தீவனத்தில் மீன்தூள் உண்டு. அந்த மீன்தூளில் ஒரு பகுதி இழுவை மடியில் ஏறிவரும் கழிவுமீன். முன்வாசலில் மறுத்த மடியைப் பின்வாசலில் வரவேற்ற கதைதான்.

பண்ணைகளின் கதையும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1990களில் காரைக்காலைச் சூழ்ந்த நாகப்பட்டினம் வட்டாரத்தில் நெல் விளைந்த நிலங்கள் இறால் குட்டைகளாயின. நிலத்தடி நீர் உப்பாகிறது, விவசாயக் கூலி வேலை போகிறது என்று காந்தியவாதித் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள நவீன இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. இறாலில் வரும் வருமானத்தைவிட அதனால் நேரும் சேதம் பெரிது என்ற ஆய்வுக் கணக்கும் அந்த வழக்கில் வந்தது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்த பண்ணைகளுக்கு வழி திறந்தது. தீர்ப்பு பண்ணைக்காரரைக் கணக்குக் கேட்டது. அந்த இறாலைக் கேட்டு வாங்கிய டோக்கியோ இறக்குமதியாளர் கூண்டில் நிற்கவில்லை. நின்றிருக்கவும் முடியாது, நீதிமன்றத்தின் எல்லை அவ்வளவுதான். ஆனால் அறத்தின் எல்லையும் அங்கேயே முடிந்துவிடுகிறது என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. இவ்வளவு வில்லங்கம் என்றால் வாங்காமலே விட்டுவிடலாமே என்பது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அதன் விளைவைப் பார்த்தோம். 2024-25இல் சுமார் 62,400 கோடி ரூபாய்க்கு நடந்த கடலுணவு ஏற்றுமதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைந்த இறால். பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. அப்போது ஈக்வடாருக்கு வரி 15 சதவீதம்தான். வாங்குவோர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பிரித்து வாங்கும் உத்தி அவர்களைக் காப்பாற்றியது. ஆந்திரத்து இறால் குட்டையோரத்தில் கொள்முதல் விலை விழுந்தது. தீவனத்தைக் கடனுக்கு வாங்கி, தண்ணீரில் காற்றைச் செலுத்தும் ஏரேட்டருக்குக் கரண்ட் கட்டி, வெள்ளைப்புள்ளி நோய்க்குப் பயந்து வளர்த்தவருக்குத் திரும்புவதற்கு இன்னொரு குட்டை இல்லை. வாங்க மறுப்பதும் ரிஸ்க்கைக் கீழே தள்ளிவிடும் வழிகளில் ஒன்று என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ரிஸ்க்கைத் தானே சுமந்த வியாபாரியும் இந்த ஊர்க் கதையில் உண்டு. சைவ அடியாரான காரைக்கால் அம்மையாரின் (இயற்பெயர் புனிதவதி) கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போன வணிகன். கப்பல் கவிழ்ந்தால் அவன் உயிரும் சரக்கும் சேர்ந்தே போகும். லாபமும் ஆபத்தும் ஒரே ஆளிடம் இருந்த வியாபாரம் அது. அதிலும் ஒரு பாக்கி உண்டு: வணிகத்துக்கு என்று சொல்லிப் போய் அவன் கைவிட்ட புனிதவதியின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா அவர் பெயரில் நடக்கிறது, அவன் பெயரில் அல்ல.

ரிஸ்க்கை இன்னொருவரிடம் கொடுப்பது பாவமில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி பிழைப்பதே அதில்தான். அங்கே ரிஸ்க்கை வாங்குகிறவர் அறிந்து வாங்குகிறார், அதற்குப் பிரீமியம் பெறுகிறார், தாங்கும் சக்தியும் உள்ளவர். முன்பணத்தில் கட்டுண்ட படகுக்காரரிடம் இந்த மூன்றும் இல்லை. நெடுந்தீவுப் பக்கம் வலை போடுகிறவரிடம் சம்மதம் கேட்டவரே இல்லை. ஆகவே மலிவு விலை என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி கட்டப்படாத பிரீமியம். ஆமைச் சட்டத்தின் செலவும் நழுவும் மீனின் நஷ்டமும் கவுண்ட் விலையோடு சேர்ந்து வர வேண்டும். ஒப்பந்தத்தை நிறுத்துவதானால் குட்டையில் ஏற்கெனவே விட்ட குஞ்சு அறுவடையாகும்வரை பழைய விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இதனால் அமெரிக்கக் கடையில் இறால் பாக்கெட்டின் விலை கொஞ்சம் ஏறும். சிலர் வாங்குவதைக் குறைப்பார்கள், அதனால் இங்கே சில படகுகள் கட்டிக் கிடக்கவும் நேரலாம். அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்பதா என்று படகுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். கொள்முதல் பேச்சு நடக்கும் மேசையில் இதுவரை அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை.