காயமும் கட்டுத்துணியும்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பகுதியில் விடியும் முன்பே தறிகளின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். அங்கே நெய்யப்படுவது பெரும்பாலும் உடுத்தும் துணி அன்று. காயங்களுக்குக் கட்டும் மருத்துவத் துணி. வெளுக்கப்பட்டு, உருளைகளாகச் சுற்றப்பட்டு, தொலைதூர நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் அது செல்கிறது. யாருடைய குருதியை அது துடைக்கப்போகிறது என்பது நெய்தவருக்குத் தெரியாது.

அத்தகைய தறிக்கூடம் ஒன்றில் பணிபுரியும் தாயின் மகள், வெளிநாடு செல்லுமுன் ஆசி பெற என்னிடம் வந்தாள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை பயில அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. 'மோதல், பாதுகாப்பு, பன்னாட்டு வளர்ச்சி' என்பது பாடத்தின் பெயர். உடன் வந்திருந்த தாய்மாமன், "சண்டையைப் படிக்கக் கடல் தாண்டணுமா சாமி? அதுக்கு நம்ம ஊர்ப் பக்கத்திலேயே வாத்தியார்கள் இருக்காங்களே!" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பின்னும் அந்தக் கேள்வி அடங்கவில்லை.

இப்படியும் ஒரு படிப்பு உண்டா என்று வாசகர்கள் வியக்கலாம். போரை வெல்லக் கற்பிக்கும் படைக் கல்லூரிகள் உலகில் நெடுங்காலமாக உள்ளன. போர் ஏன் மூள்கிறது என்று முறையாக ஆராயும் துறையோ இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வேரூன்றியது. 1959இல் நார்வேயின் ஆஸ்லோ நகரில் யோகான் கால்டுங் என்ற அறிஞர் அமைதி ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1973இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், குவேக்கர் சபையாரின் முயற்சியால், அமைதிக் கல்விக்கென்றே ஒரு துறை பிறந்தது. வறுமையும் அச்சமும் வன்முறையும் ஒரே கயிற்றின் புரிகள் என்பது தெளிவாகத் தெளிவாக, மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் வழக்கம் பரவியது.

விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையை அவள் எனக்குக் காட்டினாள். சூடான் நாட்டு உள்நாட்டுப் போரைப் பற்றித் திறம்பட எழுதியிருந்தாள். "நம் ஊரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே, அம்மா?" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னாள்: "எழுதினால் நான் எந்தத் தெருக்காரி என்பதையும் எழுத வேண்டியிருக்கும், சாமி. அங்கேயாவது அது தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்."

அந்தப் பதிலில் அவளது பாடத்தின் முதல் கேள்வி அடங்கியிருக்கிறது. பாதுகாப்பு என்கிறோமே, அது யாருடைய பாதுகாப்பு? எல்லை காப்பதும், ஊரடங்கு உத்தரவிடுவதும், காவலரை நிறுத்துவதும் மட்டுமே பாதுகாப்பு என்று அரசுகள் நெடுங்காலம் எண்ணின. 1994இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கை, மகபூப் உல் ஹக் என்ற பொருளியலறிஞரின் வழிகாட்டலில், 'மனிதப் பாதுகாப்பு' என்ற கருத்தை உலகின் முன் வைத்தது. அச்சத்திலிருந்தும் இல்லாமையிலிருந்தும் ஒவ்வொரு மனிதனும் விடுபடுவதே பாதுகாப்பு என்பது அதன் சாரம். நம் வள்ளுவரும் ஒரு நாட்டின் அணிகலன்களை எண்ணும்போது, நோயின்மை, செல்வம், விளைச்சல், இன்பம் ஆகியவற்றோடு காவலையும் சேர்த்தே ஐந்தாக எண்ணினார். நாட்டைப் பாழாக்குவனவற்றில் உட்பகைக்கும் அவர் இடம் தந்திருக்கிறார்.

அந்த உட்பகையை நம் தென்மாவட்டங்கள் கண்ணாரக் கண்டன. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளம் என்னும் சிற்றூருக்குள் காவல் படையினர் பெருந்திரளாகப் புகுந்தனர். ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் ஊர் அது. ஆனால் வறிய ஊர் அன்று. வளைகுடா நாடுகளில் உழைத்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தால் நிமிர்ந்து நின்ற ஊர். தொலைக்காட்சிப் பெட்டிகளும் மின்விசிறிகளும் நொறுக்கப்பட்டன. துணிமணிகளோடு கடவுச்சீட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும் தீக்கிரையாயின. பாதுகாக்க வேண்டிய கரங்களே அழித்தன. அழிக்கப்பட்டவையோ வளர்ச்சியின் அடையாளங்கள். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் மறுத்தனர். கலவரத்தீ இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களிலும் பரவியது. இறுதியில் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. பெயர்கள் போயின, பகை போகவில்லை.

தொழில் வளர்ந்தால் பகை குறையும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. வேலையற்ற இளைஞனின் கையில் அரிவாளைத் திணிப்பது எளிது. நீதியரசர் இரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான குழுவும் தென்மாவட்டங்களில் தொழில்கள் பெருக வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆயினும் இராஜபாளையத்தில் நூற்பாலை நிறுவப்பட்டது 1936இல். அறுபது ஆண்டுகள் ஆலைச் சங்கு ஊதிய வட்டாரத்தில்தான் 1997இல் வீடுகள் எரிந்தன. ஒரே ஆலையில் அருகருகே நின்று நூல் நூற்றவர்கள், மாலையில் வெவ்வேறு தெருக்களுக்குத் திரும்பினார்கள். வளர்ச்சி வயிற்றை நிரப்பியது, தெருக்களை இணைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், அவனோடு படித்த மாணவர்களே. கல்வியும் தனித்து நின்று காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டுமா?

அப்படியானால் குறைவது எது? போர் இல்லாமை மட்டுமே அமைதி ஆகாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டில் கற்பித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, அநீதியான அமைப்பே ஒரு வன்முறை என்று கால்டுங் எழுதினார். மக்களின் முன்னேற்றத்தைப் பற்றி 1967இல் சுற்றுமடல் வரைந்த திருத்தந்தை ஆறாம் பவுல், முன்னேற்றத்தையும் அமைதியையும் பிரிக்க முடியாதவையாகக் கண்டார். ஆனால் அவர் சொன்ன முன்னேற்றம் பொருள் பெருக்கம் மட்டும் அன்று. முழு மனிதனின், மனிதர் அனைவரின் முன்னேற்றம். நீதியின் கனியே அமைதி என்பதை எசாயா இறைவாக்கினர் அவர்களுக்கெல்லாம் முன்பே அறிந்திருந்தார். காயத்தை மேலோட்டமாக ஆற்றிவிட்டு 'அமைதி, அமைதி' என்று கூவியவர்களை எரேமியா கடிந்துகொண்டதும் இதனால்தான்.

எரேமியாவின் அந்தக் கடிந்துரை எனக்கும் உரியது. குருப்பட்டம் பெற்ற புதிதில், அந்த 1997ஆம் ஆண்டில், ஞாயிறுதோறும் நான் சமாதானத்தைப் பற்றிப் போதித்தேன். சாதி என்ற சொல்லை ஒருமுறையும் உச்சரிக்கவில்லை. இரு தரப்பாரும் கோயிலில் அமர்ந்திருக்கிறார்களே, எதற்குப் புண்படுத்த வேண்டும் என்று எண்ணினேன். இன்று நினைத்துப் பார்த்தால், நான் காத்தது அவர்கள் அமைதியை அன்று, என் நிம்மதியை. ஒரு தரப்பார் என் மௌனத்தை ஞானம் என்றார்கள். மற்றத் தரப்பார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று கைவிட்டவர்களின் மௌனத்தை நான் அமைதி என்று எடுத்துக்கொண்டேன். திருச்சபைக்குள்ளும் அந்தக் காயம் உண்டு. 2008இல் எறையூரில் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களிடையே மூண்ட மோதல் துப்பாக்கிச் சூட்டிலும் இருவர் சாவிலும் முடிந்ததை மறக்கலாமா?

நல்ல சமாரியன் உவமையை நாம் இரக்கத்தின் உவமையாகவே வாசிக்கிறோம். அவன் எண்ணெயும் இரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான். ஆனால் அவன் யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தான். தொடத்தகாதவன் என்று கருதப்பட்டவனின் கையால் கட்டு விழுந்ததில்தான் உவமையின் கூர்மை இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் 1967இல் இன்னொன்றையும் நினைவூட்டினார்: அடிபட்டவனுக்கு உதவுவது தொடக்கமே, வழிப்போக்கர் ஓயாமல் அடிபடாதபடி எரிகோ சாலையையே மாற்ற வேண்டும். கட்டுத்துணி இரக்கத்தின் வேலை; சாலையைச் சீராக்குவது நீதியின் வேலை. இரண்டில் ஒன்றை மட்டும் செய்வோர் பாதி வழியில் நிற்கிறார்கள்.

ஆகவே, ஓர் ஊரின் அமைதியை அளக்க எளிய அளவுகோல் ஒன்று போதும். அந்த ஊரில் மிக எளியவரின் மகள், எல்லாத் தெருக்களிலும் அஞ்சாமல் நடக்க முடிகிறதா? தன் தெருவின் பெயரைத் தயங்காமல் சொல்ல முடிகிறதா? முடியவில்லையென்றால், அங்கே கடைகள் திறந்திருக்கலாம், ஆலைகள் ஓடலாம், ஆடிப்பூரத் தேரும் நிலை சேரலாம். அமைதி இன்னும் வந்து சேரவில்லை.

அந்தப் பெண்ணின் தலைமேல் கை வைத்து ஆசி அளித்தேன். "சூடானைப் படி, அம்மா. அங்கே அழுகிறவர்களும் நம்மவர்களே. ஆனால் படித்து முடித்துக் கடைசி ஆய்வேட்டை எழுதும்போது உன் தெருவையும் எழுது" என்றேன். "எழுதினால் நம் ஊரில் யார் படிப்பார்கள் சாமி?" என்றாள். "நான் படிக்கிறேன், கோயிலிலும் வாசிக்கிறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். அவள் திரும்பி வருமுன், அந்த வாசிப்பைக் கேட்கும் செவிகளை என் பங்கு மக்களிடமும், வாசிக்கும் துணிவை என்னிடமும் ஆண்டவர் உருவாக்கித் தர வேண்டும்.