எவருக்கு மிச்சம்?

“சும்மாதானே கிடக்கிறது! விற்றுவிட்டால் நாலு காசு வரும். அந்தக் காசிலே நாலு நல்ல காரியம் நடக்கும்.”

நகராட்சிக்கு உரிய காலிமனையைக் காட்டி, மூடிக்கிடக்கும் பள்ளிக் கட்டடத்தைக் காட்டி, புல் முளைத்த திடலைக் காட்டி இப்படிப் பேசுவோர் எல்லாக் காலத்திலும் உண்டு. எல்லாக் கட்சியிலும் உண்டு. பேசுவோர் அனைவரும் தீயவர் என்று நாம் கூறமாட்டோம். சாக்கடை அடைத்துக் கிடக்கிறது, துப்புரவுத் தொழிலாளிக்குக் கூலி தரவேண்டும், பெட்டியோ காலி. இந்நிலையில், விற்றால் என்ன என்று எண்ணத் தோன்றுவது இயல்பு. ஆனால் இயல்பானதெல்லாம் நியாயமாகிவிடுமா? அதையன்றோ ஆராய வேண்டும்!

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். மாநகராட்சி எதையுமே விற்கக்கூடாது என்பது அறிவுடைமையாகாது. ஓடி ஓய்ந்த குப்பை லாரி, துருவேறிய விளக்குக் கம்பம், கால் உடைந்த நாற்காலி, இவற்றை அடைகாத்து என்ன பயன்? பலரறிய அறிவித்து, ஏலம் விட்டு, உயர்ந்த விலை கேட்டவனுக்குக் கொடுப்பதே முறை. கேட்க வந்தோர் தமக்குள் கூடிப் பேசி விலையை அமுக்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். காயலான் கடைக்குப் போகவேண்டியது போகட்டும். லாரி போனால் வேறொரு லாரி வாங்கலாம். நிலம் போனால்? எந்தத் தொழிற்சாலை புதிய நிலத்தை வார்த்துக் கொடுக்கும்?

வடசென்னையில் வாழ்வோருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர் கடலுக்குள் நீண்டது. தெற்கிலிருந்து வரும் மணலை அது தடுத்தது. தெற்கே மெரீனா அகன்றது; வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரையில் கரை கரைந்தது. அங்கே உலாவ மணற்பரப்பு. இங்கே குடிசை இழந்த மீனவனுக்குக் கருங்கல் தடுப்பு! கடல் விட்டுவைத்ததில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையும் கிடங்கும், எண்ணூர் அனல்மின் நிலையமும் எடுத்துக்கொண்டன. ஏழைக்கென்று எஞ்சியவை சிறு திடல், சிறு பூங்கா, பள்ளி வளாகம், இடுகாடு. அவற்றையும் ‘மிச்சம்’ என்றால், நாம் கேட்கிறோம்: எவருக்கு மிச்சம்?

‘பயன்பாடு இல்லை’ என்று கோப்பிலே எழுதுகிறார் அதிகாரி. பொய் எழுதவேண்டும் என்று அவர் எழுதவில்லை. கணக்கேட்டைப் பார்க்கிறார், வாடகை வரவில்லை, வரி வரவில்லை, ஆகவே பயனும் இல்லை என்று முடிவு கட்டுகிறார். அதே திடலில் ஒருத்தி கருவாடு உலர்த்துகிறாள். ஒருவன் வலையைப் பிரித்துச் சீர்செய்கிறான். மாலையில் சிறுவர்கள் பந்தாடுகிறார்கள். ஒற்றை அறை வீட்டில் புழுங்கும் முதியவர் இரவிலே காற்று வாங்குகிறார். இவர்களுள் எவரும் கட்டணம் கட்டுவதில்லை. கட்டணம் இல்லாத காரணத்தாலேயே இவர்களுடைய வாழ்வு கணக்கில் ஏறவில்லை. கணக்கில் ஏறாதவனுடைய நிலம்தான் எப்போதும் மிச்சமாகிறது!

இராயபுரம் ராபின்சன் பூங்காவை எண்ணிப் பாருங்கள். 1949-ம் ஆண்டு செப்டம்பரில், கொட்டும் மழையிலே, திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் அங்கேதான் நடைபெற்றது. அன்று கூடியோர் சீமான்களா? அரண்மனை மண்டபத்தை வாடகைக்குப் பிடிக்க வல்லவர்களா? பூங்கா பொதுவாக இருந்தது. எளியவன் நின்று பேசவும், எளியவன் நின்று கேட்கவும் இடம் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டிலே எவரேனும் ஒருவர் ‘வருவாய் இல்லாத பூங்கா’ என்று அதனை ஏலத்தில் விட்டிருந்தால், விற்றவரின் ஏட்டில் என்ன இழப்பு எழுதப்பட்டிருக்கும்? ஒன்றுமில்லை! நாளை அங்கு நடக்க இருப்பது என்ன என்பதை இன்றைய கணக்கேடு அறியாது.

மற்றொன்று இன்னும் ஆழமானது. மராட்டிய நாட்டு மகாத் நகரில் ஒரு குளம். 1924-ல் அவ்வூர் நகராட்சி, பொது நீர்நிலைகள் அனைவர்க்கும் திறந்தவை என்று தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டிலே கிடந்தது. 1927 மார்ச் 20-ல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அக்குளத்து நீரைப் பருகினார். சாதிச் செருக்கர் என்ன செய்தனர்? நகராட்சியை மிரட்டித் தீர்மானத்தைத் திரும்பப் பெறச் செய்தனர். நீதிமன்றம் ஏறி, ‘இது பொதுக்குளமே அன்று, தனியார் குளம்’ என்று வாதிட்டனர். 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்திலும் அவர்கள் தோற்றனர். அவர்கள் எடுத்த ஆயுதத்தைக் கவனியுங்கள். பொதுவாக இருக்கும் வரையில் விலக்க முடியாது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தனர். ஆகவேதான் ‘தனியார்’ என்ற மதிலை எழுப்ப முனைந்தனர். போராடித் திறந்த கதவை நாமே விலை பேசி மூடலாமா? விற்ற இடத்திலே சாதியின் பெயரால் பலகை தொங்காது. ‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது’ என்ற பலகை தொங்கும். வெளியே நிற்பவன் மட்டும் பெரும்பாலும் பழைய ஆளாகவே இருப்பான்.

“மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் விற்கிறது; மக்களே விற்பதாகத்தானே பொருள்?” என்று கேட்பர். ஐந்தாண்டுக்கு அமர்த்தப்பட்ட காவற்காரன், ஐந்நூறு ஆண்டுக்கான உடைமையை விற்கலாமா? பிறக்காத பிள்ளை வாக்களிக்கவில்லையே! மேலும், மன்றமே இல்லாத காலமும் உண்டு. 2016 முதல் 2022 வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகளோ 2011-ல் மாநகராட்சியுடன் இணைந்துவிட்டன. எண்ணூர்த் திடலின் விதி இப்போது ரிப்பன் மாளிகையில் எழுதப்படுகிறது.

இலக்னோ நகரிலே மாநகராட்சி, 1993-ல் ஜண்டேவாலா பூங்காவின் அடியில் கடைவளாகம் கட்ட, டெண்டர் கோராமலே ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. மன்றம் சம்மதித்தது உண்மை. எனினும் 1999-ல் உச்சநீதிமன்றம், பூங்காவுக்கு மாநகராட்சி அறங்காவலரே என்று கூறி, கட்டியதை இடித்துப் பூங்காவை மீட்க ஆணையிட்டது. அரியானாவின் தானேசர் நகராட்சி, திறந்தவெளிக்கென மக்களிடம் பெற்ற நிலத்தைத் தர்மசாலை கட்ட ஒரு சபைக்குக் குத்தகைக்கு விட்டது. பல்லாண்டு காலியாகக் கிடந்த நிலந்தான். 1994-ல் அதுவும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ‘தர்மம்’ என்ற பெயர் சூட்டினாலும் பறிப்பு பறிப்பே! கடல் கடந்தும் இதே கதைதான். 1987-ல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நகரமன்றம், பராமரிப்புச் செலவு மிச்சம் என்று மூன்று இடுகாடுகளைப் பதினைந்து பென்னிக்கு விற்றது. இறந்தோரின் உறவினர் கொதித்தனர். பின்னர் அவ்விடுகாடுகளை மன்றமே திரும்ப வாங்க நேர்ந்தது.

“விற்காவிட்டாலும் ஆக்கிரமிப்பான் எடுத்துக்கொள்வானே!” என்பர். உண்மை. இன்று ஒரு கல் நடுவான். நாளை மஞ்சள் பூசுவான். மறுநாள் உண்டியல் வைப்பான். திருடன் வருவான் என்பதற்காக வீட்டை விற்பதா, தாழிடுவதா? வேலி போடுங்கள், படிப்பகம் வையுங்கள், குழந்தைகள் காப்பகம் நடத்துங்கள். பணமே வேண்டுமென்றால் குறித்த காலத்துக்கு, நியாயமான வாடகைக்கு விடுங்கள். நிலம் கையிலே இருக்கும். கூலி கொடுக்க நிலத்தை விற்பது, விதைநெல்லைக் குத்திப் பொங்குவது போலாகும். அடுத்த மாதமும் கூலி கொடுக்கவேண்டும். அப்போது விற்க என்ன இருக்கும்?

ஆகவே, விற்கத்தான் வேண்டும் என்று கூறுவோரிடம் நான்கு கேள்விகளை வைக்கிறோம். மிச்சம் என்று முடிவு செய்தவர் யார்? அவ்விடத்தைப் பயன்படுத்துவோரைக் கேட்டீர்களா? விலையைப் பலரறிய நிர்ணயித்தீர்களா? வரும் பணத்தால், அழியாத வேறொரு பொதுச்சொத்து, அதே மக்களுக்கு அருகிலே, எழுமா? நான்குக்கும் நேர்மையான விடை கிடைத்தால் எதிர்க்கமாட்டோம். ஒன்றுக்கு விடை இல்லையெனினும் விடமாட்டோம்.

இளைஞர்களே! கோபம் மட்டும் போதாது, கணக்கு வேண்டும். 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. உங்கள் வட்டத்தில் மாநகராட்சிக்கு உரிய மனை எத்தனை, திடல் எத்தனை, குத்தகை எவரிடம் என்று எழுதிக் கேளுங்கள். பகுதி சபை கூடும்போது அந்தப் பட்டியலை உரக்கப் படியுங்கள். கருவாடு உலர்த்தும் தாயையும், பந்தாடும் சிறுவனையும் அந்தப் பட்டியலிலே சேருங்கள். அவர்கள் கணக்கில் ஏறும் நாளில், மிச்சம் என்று சொல்ல எவரும் துணியார்.