மட்டாஞ்சேரிக்கு வந்த எபேசு வழக்கு

மரியாள் பெற்றெடுத்தது கடவுளையா, மனிதரையா? 428-இல் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயரான நெஸ்டோரியஸ் இந்தக் கேள்வியைத் தொட்டுத்தான் பதவியை இழந்தார். கடவுளுக்குத் தொடக்கம் இல்லை; தொடக்கமில்லாதவரை ஒரு பெண் பெற்றாள் என்று எப்படிச் சொல்வது? ‘கடவுளின் தாய்’ என்பதைவிடக் ‘கிறிஸ்துவின் தாய்’ என்பதே பொருத்தம் என்றார் அவர். அலெக்சாந்திரியாவின் சிரில் விடவில்லை. பிறந்தவரும் சிலுவையில் மாண்டவரும் கடவுளே என்று சொல்லாவிட்டால் மனிதருக்கு மீட்பு ஏது என்று மடக்கினார். 431-இல் எபேசு சங்கம் நெஸ்டோரியஸைப் பதவியிலிருந்து நீக்கியது.

வழக்கு அதோடு முடியவில்லை. கிரேக்கத் தத்துவத்திலிருந்து எடுத்த சொற்களை வைத்துக்கொண்டு கிறிஸ்துவுக்குள் எத்தனை இயல்புகள் என்று எண்ணத் தொடங்கினார்கள். ஒரே ஆள், இரண்டு இயல்புகள் என்று 451-இல் கால்சிடன் சங்கம் வகுத்தது. எகிப்தியரும் சிரியரில் பெரும்பகுதியினரும் அதை ஏற்கவில்லை. ஒன்றிணைந்த ஒரே இயல்பு என்பது அவர்கள் கட்சி. பாரசீகப் பேரரசில் இருந்த கீழைத் திருச்சபை நெஸ்டோரியஸைச் சபிக்க மறுத்து மூன்றாம் வழியில் நின்றது. 489-இல் பேரரசர் ஜீனோ எடெசாவின் இறையியல் பள்ளியை மூடியபோது, அந்த மரபு எல்லை தாண்டி நிசிபிஸில் வேர்விட்டது.

மலபாருக்கு வந்தது இந்த மூன்றாம் வழிதான். 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மாஸ், மிளகு விளையும் ‘மலே’ நாட்டில் கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் குறிக்கிறார். கல்லியானா என்ற இடத்தின் ஆயருக்குப் பட்டம் பாரசீகத்தில் கொடுக்கப்படுகிறது என்கிறார். காஸ்மாஸும் கீழைத் திருச்சபையின் மார் ஆபாவிடம் பாடம் கேட்டவர். உலகம் தட்டையானது, வானம் அதன்மேல் கவிந்த பெட்டி என்பது அவர் கோட்பாடு. அதே அலெக்சாந்திரியாவில் ஒரே இயல்புக் கட்சியைச் சேர்ந்த தத்துவ அறிஞர் ஜான் ஃபிலோபோனஸ், வானம் உருண்டை என்று வாதாடினார். வானத்தின் வடிவத்தைப் பற்றிப் பேசினாலும் சபைப் பிளவு உடன் வந்துவிடும் காலம் அது.

மலபாரிலோ ஆயர் மேற்காசியாவிலிருந்து வருவார். சமூகத்தை நடத்துவது உள்ளூர்க் குடும்பத்து அர்க்கதியாக்கோன், அதாவது தலைமைத் திருத்தொண்டர். போர்த்துகீசியர் வந்து இந்த ஏற்பாட்டைக் குலைத்தார்கள். 1599 ஜூனில் உதயம்பேரூரில் கோவாப் பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கம் நெஸ்டோரியஸைச் சபிக்க வைத்தது. சிரியாக் நூல்களைத் திருத்தவோ எரிக்கவோ ஆணையிட்டது. எபேசுத் தீர்ப்பு நிறைவேற 1,168 ஆண்டுகள் கழித்து ஆள் வந்ததுபோல் இருந்தது.

1652-இல் மார் அகத்தல்லா என்ற ஆயர் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார். போர்த்துகீசியர் அவரைப் பிடித்து, கொச்சி வழியாகக் கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்ற வதந்தி மலபார் முழுக்கப் பரவியது. 1653 ஜனவரி 3-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் கூடிய கூட்டம், சிலுவையில் கட்டிய கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, தங்களை ஆண்டுவந்த ஏசுசபையாருக்கு இனி அடங்குவதில்லை என்று சத்தியம் செய்தது. இழுத்த இழுப்பில் சிலுவையே வளைந்ததாம். ‘கூனன் குரிசு சத்தியம்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. போப்பாண்டவரையும் அன்றே மறுத்தார்களா என்பதில் கேரளச் சபைகள் இன்றும் ஒத்துப்போவதில்லை. அதே ஆண்டு மே 22-இல் ஆலங்காட்டில் பன்னிரண்டு பாதிரியார்கள் தலைமேல் கைவைத்து, அர்க்கதியாக்கோன் தோமாவை முதலாம் மார் தோமா என்ற ஆயராக ஆக்கினார்கள்.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். ஒரு பெரும்பகுதியினர் சில ஆண்டுகளில் ரோமிடம் திரும்பினார்கள். மார் தோமாவோடு நின்றவர்களிடம் 1665-இல் மார் கிரிகோரியோஸ் வந்து சேர்ந்தார். அவர் அந்தியோக்கியாவின் ஒரே இயல்புக் கட்சிக்காரர். அவருடைய சபை நெஸ்டோரியஸையும் சபிக்கும், கால்சிடனையும் மறுக்கும். பழைய பாரசீக வழிக்கு நேரெதிரான அவரையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் பைசாந்தியப் பிளவின் மூன்று கட்சிகளும் மலபாரில் இடம்பிடித்தன. கயிறு பிடித்தவர்களை வாட்டியது இயல்புகளின் எண்ணிக்கை அல்ல, ஆயரை யார் தருவது என்பதுதான். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சிரிலுக்கும் நெஸ்டோரியஸுக்கும் நடுவிலும் அலெக்சாந்திரியா பெரிதா, கான்ஸ்டான்டிநோபிள் பெரிதா என்ற போட்டி இருந்தது. தத்துவம் அதற்கு மொழி கொடுத்தது; மட்டாஞ்சேரியில் அந்த மொழி தேவைப்படவில்லை.

பழைய கேள்விக்குச் சமாதானம் 1994 நவம்பர் 11-இல் வந்தது. போப் இரண்டாம் ஜான் பாலும் கீழைத் திருச்சபையின் நான்காம் மார் தின்காவும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, மரியாளுக்கான இரண்டு பட்டங்களும் ஒரே நம்பிக்கையைச் சொல்பவை என்று ஏற்றது. திருச்சூரில் அந்தத் திருச்சபையின் இந்தியக் கிளை இன்றும் வழிபடுகிறது. ஆயர் யார் என்ற கேள்விக்கு மட்டும் சமாதானம் வரவில்லை. கேரளத்து ஆர்த்தடாக்ஸ், யாக்கோபைட் சபைகள் இரண்டும் கிறிஸ்துவின் இயல்பு பற்றி ஒரே கொள்கை உடையவை. ஆனால் தேவாலயங்களை யார் நிர்வகிப்பது என்பதில் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 3-இல் தீர்ப்புச் சொன்ன பிறகும் அவற்றின் சண்டை ஓயவில்லை.