பாட்டனின் எண், பேரனின் கை

இறந்தவர் நினைவாக உடலில் பச்சை குத்திக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு யூத மரபில் தனிக் கனம் உண்டு. லேவியராகமம் 19:28, இறந்தவருக்காக உடலைக் கீறுவதையும் பச்சை குத்துவதையும் ஒரே வசனத்தில் விலக்குகிறது. தெய்வத்தின் பெயரை எழுதினால்தான் குற்றம் என்ற கருத்தும் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பதிவாகியுள்ளது. 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் இவ்விலக்கைச் சிலை வழிபாட்டினரின் வழக்கத்தோடு தொடர்புபடுத்தினார்.

அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் நாஜிகள் கைதிகளின் கையில் எண்களைப் பச்சை குத்தினர். உயிர் தப்பியோரின் பேரப்பிள்ளைகள் சிலர் அதே எண்ணைத் தம் கையிலும் குத்திக்கொண்டதை 2012இல் வெளிவந்த ‘நம்பர்ட்’ என்ற இஸ்ரேலிய ஆவணப்படம் காட்டுகிறது. மனிதரின் பெயரைப் பறிக்கவே இடப்பட்ட எண் அது. அதை ஒரு பேரன் விரும்பி ஏற்கும்போது அதன் பொருள் மாறுகிறது என்பது உண்மையே. ஆயினும் அந்த எண் அவனுடையதன்று. அதைச் சுமந்தவர் உயிரோடிருந்தால் அவர் சம்மதம் இன்றியமையாதது. மறக்க விரும்பியதை அவர் தினமும் பேரனின் கையில் காண நேரலாம்.

வயதும் காலமும் இங்கே முக்கியம். யூத மரபு துக்கத்துக்கு 7 நாள், 30 நாள், பெற்றோருக்கு 12 மாதம் என எல்லை வகுத்திருக்கிறது. பின்னர் ஆண்டுதோறும் நினைவுநாளில் விளக்கேற்றினால் போதும். ஊசியும் மையும் இடும் குறிக்கு அத்தகைய முடிவில்லை. ஆகவே, 18 வயதில் முதல் பேரிழப்பைச் சந்திப்பவர் அந்த ஓராண்டாவது காத்திருப்பதே நியாயம்.